‘தோக்கு தனியே பொட்டில்ல’ என்று முதலில் சொன்னவன்

பழவங்காடிப் பிள்ளையாருக்குத் தேங்காய் உடைக்க வரிசையில் நின்றபோதுதான் அதை முதன்முதலில் பார்த்தேன். சிக்னலில் நின்ற ஒரு ஜீப்பின் பின்பக்கம் சிவப்பு மலையாள எழுத்தில் ஒட்டியிருந்தது: ‘தோக்கு தனியே பொட்டில்ல.’ துப்பாக்கி தானாக வெடிக்காது என்று அர்த்தம். அதற்குக் கீழே ஒரு காட்டுப்பன்றிப் படம். பன்றி சிரிக்கிற மாதிரி இருந்தது. வரைந்தவனுடைய கைவண்ணம்.

அப்புறம் எங்கே பார்த்தாலும் அதுதான். ஃப்ளெக்ஸில், பனியனில், டீக்கடைச் சுவரில். பன்றி வந்து மரச்சீனிக் கிழங்கைத் தோண்டித் தின்றுவிட்டுப் போகிறது, சர்க்காரோ துப்பாக்கி லைசென்ஸைப் புதுப்பித்துத் தராமல் இழுத்தடிக்கிறது என்று மலைப்பக்கத்து விவசாயிகள் சங்கம் கட்டிக்கொண்டு, கொடி பிடித்துக்கொண்டு ஊருக்குள் வந்தார்கள். அவர்களுடைய கோஷம் இது. குற்றம் துப்பாக்கி மேல் இல்லை, ஆள் மேல்தான், அதனால் துப்பாக்கிக்குக் கட்டுப்பாடு போடாதே என்பது அவர்கள் கட்சி. கேட்கிறவன் தலையாட்டிவிட்டுப் போகிற மாதிரிதான் இருக்கும்.

இதை யார் முதலில் சொன்னது என்று ஒரு தர்க்கம் நடந்திருக்கிறது. ரிட்டயர்டு பட்டாளத்துக்காரர் ஒருத்தர் தான் சொன்னதாகச் சொன்னாராம். ஒரு எஸ்டேட்காரர் தன் அப்பா சொன்னதாகச் சொன்னாராம். அமெரிக்காவில் இதே மாதிரி ஒன்று ரொம்ப நாளாக உண்டு, அங்கேயிருந்து வந்ததுதான் என்று காலேஜில் படிப்பிக்கிற ஒருத்தர் சொன்னாராம். இருக்கட்டும், அந்த ஊர் விவகாரம் எனக்குத் தெரியாது. சங்கத்துச் செயலாளர் ஷிபு என்று ஒரு வக்கீல். அந்த மனுஷன் எங்கேயோ போய்ப் பழைய பத்திரிகைத் துண்டு ஒன்றைத் தேடிப் பிடித்து, ஸ்ரீவராகத்தில் என் வீட்டு வாசலில் வந்து நின்றார். ‘சாரே, இந்தத் தாணுமாலயன் நீங்கதானா?’ என்றார். நான்தான் என்றேன். இதற்கு முன்னால் அந்தக் கேள்வியைக் கேட்டவர்கள் எல்லாம் போலீஸ்காரர்கள்.

போன மாதம் எனக்குச் சால்வை போட்டார்கள். இப்போது, அந்த வாசகம் பிறந்த கதையை அனுபவக் கட்டுரையாக எழுதிக் கொடுங்கள், ஆண்டு மலரில் போடுகிறோம், ரெண்டு பக்கம் போதும் என்கிறார் ஷிபு. ரெண்டு பக்கத்தில் முடியாது. போடுவார்களா என்பதும் சந்தேகம். ஆனாலும் எழுதுகிறேன்.

ஆரியசாலையில் வெங்காய மண்டிக்கும் கயிற்றுக் கடைக்கும் நடுவில் எங்கள் துப்பாக்கிக் கடை இருந்தது. வெங்காயம் வாங்க வந்தவர்கள் தவறி எங்கள் படியில் ஏறிவிட்டு, உள்ளே பார்த்துப் பயந்து இறங்குவது தினமும் நடக்கும். முதலாளி திருநெல்வேலிக்காரர். ஊரில் உள்ள மலையாளிகள் எல்லோரும் அவரை அண்ணாச்சி என்றுதான் கூப்பிடுவார்கள். நானும் அப்படித்தான். சுசீந்திரத்திலிருந்து வேலை தேடி வந்த எனக்கு, துப்பாக்கிக் கடை என்று தெரிந்ததும் பெரிய வீரனாகிவிட்ட நினைப்பு. முதல் ரெண்டு வருஷம் எண்ணெய்த் துணியும் கம்பியும்தான் கையில். குழலுக்குள் கம்பியை விட்டுத் துடைக்கணும், வெளியே எடுக்கணும், மறுபடி விடணும். அதோடு என் படிப்பு முடிந்தது.

கடையில் விற்பது கொஞ்சம். ரிப்பேரும், பத்திரமாக வைத்துக் கொடுப்பதும்தான் அதிகம். தேர்தல் வந்தால் லைசென்ஸ் வைத்திருப்பவர்கள் துப்பாக்கியைக் கொண்டுவந்து ஒப்படைக்கணும், ஸ்டேஷனிலோ எங்களை மாதிரிக் கடையிலோ. அந்தச் சமயம் கடை நிற்க இடமில்லாமல் இருக்கும்.

ஒரு துப்பாக்கி உள்ளே வருவதற்கு ஒரு முறை உண்டு. வாசலிலேயே குழலைச் சுவர்ப்பக்கம் திருப்பச் சொல்லணும். நான் வாங்கி, மடக்கித் திறந்து, தோட்டா இல்லை என்று பார்க்கணும். பார்த்துவிட்டு அண்ணாச்சியிடம் நீட்டணும். அவரும் பார்ப்பார். முப்பது வருஷம் நான் பார்த்த ஒவ்வொன்றையும் அவர் திரும்பப் பார்த்தார். ‘ஏன் அண்ணாச்சி, நான் பார்த்தது போதாதா?’ என்று ஒருதடவை முறைத்துக்கொண்டு கேட்டேன். ‘நீ பாத்தது உனக்கு. நான் பாக்கது எனக்கு’ என்றார். அப்புறம் லைசென்ஸ் புத்தகத்தில் உள்ள நம்பரும் குழலில் வெட்டியிருக்கிற நம்பரும் ஒன்றுதானா என்று ஒருத்தர் படிக்க, ஒருத்தர் பார்க்கணும். ரெஜிஸ்டரில் ஏற்றணும். அட்டையில் பேர் எழுதி, விசைக்குக் காவலாக இருக்கிற வளையத்தில் நூலால் கட்டணும். அப்புறம்தான் அது அலமாரிக்குள் போகும்.

வெளியே போவதற்கு உள்ள முறை எந்தச் சட்டப் புத்தகத்திலும் இல்லை. வந்தவரை உட்கார வைத்து டீ வாங்கிக் கொடுப்பார் அண்ணாச்சி. டீ குடிக்கிற வரைக்கும் பேசுவார். வீட்டில் யாரெல்லாம் இருக்கிறார்கள், பெட்டிச் சாவி யார் கையில் இருக்கும், பக்கத்து வீட்டுக்காரன் எப்படி, இந்த வருஷம் மகசூல் எப்படி. சத்தம் போட்டுப் பேசி நான் கேட்டதே இல்லை. யாருக்கும் இல்லை என்றும் சொல்ல மாட்டார். ஆள் சரியில்லை என்று அவருக்குத் தோன்றிவிட்டால், ‘ஒரு ஸ்பிரிங் வரணும். கோயம்புத்தூர்ல சொல்லியிருக்கு. அடுத்த வாரம் பாப்போம்’ என்பார். அவ்வளவுதான். ஆள் போனதும் அட்டையில் உள்ள வெள்ளை நூலை அறுத்துவிட்டுச் சிவப்பு நூல் கட்டுவார். சிவப்பு நூல் என்றால் ஸ்பிரிங் வரவில்லை என்று அர்த்தம். ஸ்பிரிங் என்று ஒன்று வரவே வேண்டியதில்லை என்பது எனக்கும் அவருக்கும் மட்டும் தெரியும்.

அடுத்தவன் சொத்தை இப்படிப் பிடித்து வைக்கச் சட்டத்தில் இடமில்லை. லைசென்ஸ் சரியாக இருந்தால் கொடுத்தே ஆகணும். யாராவது புகார் கொடுத்தால் கடை லைசென்ஸ் போய்விடும். நான் பயந்து பயந்து சொல்லுவேன். ‘சட்டம் காயிதத்தப் பாக்கச் சொல்லுது, பாக்கேன். ஆளப் பாக்காதேன்னு சொல்லலைல்லா’ என்பார். பென்ஷன் வாங்கின எஸ்டேட் மேனேஜர் ஒருத்தருடைய ரெட்டைக் குழல் நாலு வருஷம் ஸ்பிரிங்குக்காகக் காத்திருந்தது. மகனோடு சண்டை போட்ட கோபத்தில் வந்தவர் அவர். கடைசியில் மகனோடு சமாதானமாகி, பேரனைத் தூக்கிக்கொண்டு கடைக்கு வந்து, ‘அண்ணாச்சி, அந்த ஸ்பிரிங் இனி வந்தாலும் வேண்டாம், சாதனத்தை வித்துடுங்க’ என்றார். அவருக்கு எல்லாம் தெரிந்திருந்தது என்றுதான் நினைக்கிறேன்.

இனி சுகுமாரன் விஷயம்.

விதுரைக்கு அந்தப்பக்கம் கொஞ்சம் நிலம், மரச்சீனியும் வாழையும். அவருக்கு ஒற்றைக் குழல் துப்பாக்கி, பயிர்க் காவலுக்கு லைசென்ஸ். தங்கமான மனுஷன். வரும்போதெல்லாம் ஒரு சீப்பு வாழைப்பழம் கொண்டுவருவார். கொஞ்சம் ஆடுகிறது என்று ஒருதடவை துப்பாக்கியைச் சர்வீஸுக்குக் கொடுத்தார். நான்தான் கழற்றி, துடைத்து, முறுக்கி, வேலை முடித்தேன். ரெஜிஸ்டரில் சர்வீஸ் செய்தவர் என்ற இடத்தில் என் கையெழுத்து. வாங்க வந்த அன்றைக்கு அண்ணாச்சி டீ வாங்கிக் கொடுத்தார். மனுஷன் டீயைத் தொடவில்லை. பன்றியைப் பற்றிக் கேட்டால் தம்பியைப் பற்றிச் சொன்னார். தம்பி மோகனன் வேலியைத் தள்ளிப் போட்டுவிட்டான், வழியை அடைத்துவிட்டான், பன்றி வருகிறதே அவன் திறந்துவிட்ட பக்கம் வழியாகத்தான். அண்ணாச்சி கேட்டுக்கொண்டே இருந்துவிட்டு, ‘ஒரு ஸ்பிரிங் வரணும்’ என்றார்.

ரெண்டு நாள் கழித்து அவர் சம்சாரம் சுமதி வந்தாள். கிழக்கேகோட்டையில் பஸ் இறங்கி, விசாரித்து விசாரித்து நடந்து வந்திருக்கிறாள். ஆம்பளைகள் மட்டுமே வந்துபோகிற கடையில் ஒரு பொம்பளை வந்து நின்றதும் எனக்கு என்ன செய்யவென்று தெரியவில்லை, ஸ்டூலை நகர்த்திப் போட்டேன். அவள் உட்காரவில்லை. அண்ணாச்சியைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டாள். ‘கொடுக்கல்லே அண்ணாச்சி. அவருடைய கண்ணைக் கண்டா எனக்குப் பேடியாகுது. அனியனை எந்தெங்கிலும் செய்துடுவாரு’ என்றாள். கொடுக்காதீர்கள், பயமாக இருக்கிறது, தம்பியை ஏதாவது செய்துவிடுவார் என்று. அண்ணாச்சி எழுந்து நின்றார். ‘என் கையால கொடுக்க மாட்டேன் மோளே. நீ தைரியமாப் போ’ என்றார். அவள் போனதும் சிவப்பு நூலை இன்னொரு முடிச்சுப் போட்டு இறுக்கினார். நான் பார்த்துக்கொண்டு நின்றேன்.

அப்புறம் நவராத்திரி வந்தது. இங்கே அஷ்டமி சாயங்காலம் பூஜை வைப்பு. புத்தகம், ஆயுதம் எல்லாவற்றையும் சாமி முன்னால் வைத்துவிட்டால் விஜயதசமி காலையில் பூஜை எடுக்கிற வரைக்கும் யாரும் தொடக்கூடாது. எங்கள் கடையில் எல்லாத் துப்பாக்கியையும் வரிசையாக நிறுத்திச் சந்தனம் குங்குமம் வைப்போம். அதற்கு முன்னால் அத்தனையையும் துடைத்து வைப்பது என் பொறுப்பு. அந்த வருஷம் அட்டை நூல்கள் எல்லாம் எண்ணெய் ஊறிக் கறுத்துப் போயிருந்தன. சாமிக்கு வைக்கிறபோது இப்படி அழுக்கு நூல் இருக்கலாமா? எல்லாவற்றையும் அறுத்துப் போட்டுவிட்டுப் புது வெள்ளை நூல் கட்டினேன். எல்லாவற்றுக்கும். அண்ணாச்சி பார்த்து, ‘பளபளன்னு இருக்குடே’ என்றுகூடச் சொன்னார். நூலை அவரும் கவனிக்கவில்லை.

நவமி அன்றைக்குச் சுகுமாரன் வந்தார். பூஜைக்கு வைத்திருக்கிறது என்றார் அண்ணாச்சி. அந்த மனுஷன் செருப்பைக் கழற்றினார். வாசலில் நின்றே சாமியைக் கும்பிட்டு, கன்னத்தில் போட்டுக்கொண்டு போனார். சட்டத்தைக் காட்டினால் தகராறு பண்ணுகிறவன்கூடப் பூஜை வைப்பு என்றால் வாயை மூடிக்கொள்வான். வருஷம் முழுக்கப் பூஜையில் வைத்துவிடலாமே என்று எனக்குத் தோன்றியது.

விஜயதசமி காலை. அண்ணாச்சி பூஜை எடுத்துவிட்டு, மகள் கோமதியின் பிள்ளைக்கு முதல் எழுத்து எழுதவைத்து ஏடு தொடங்க அவர்களோடு கோயிலுக்குப் போனார். ‘கடையத் திறந்து வச்சிரு, ஒரு மணிக்கூர்ல வந்திருதேன்’ என்றார். கதவைத் திறந்து சாமிக்கு விளக்குத் திரியைத் தூண்டுகிறேன், படியில் சுகுமாரன். குளித்து, சந்தனம் இட்டு, வெள்ளை வேட்டி. ‘சாரே, பூஜை எடுத்தாச்சுல்லா?’ என்றார். எடுத்தாச்சு என்றேன். லைசென்ஸ் புத்தகத்தை மேஜைமேல் வைத்தார்.

விஜயதசமி அன்று வருகிற முதல் ஆளை வெறுங்கையோடு அனுப்புவதா? வருஷம் பூராவும் வியாபாரம் படுத்துவிடும் என்று ஆரியசாலையில் எந்தக் கடைக்காரனைக் கேட்டாலும் சொல்வான். நான் எடுத்துப் பார்த்தேன். அட்டையில் வெள்ளை நூல். வெள்ளை நூல் என்றால் கொடுக்கலாம் என்பது கடை முறை. மடக்கித் திறந்தேன், காலி. நம்பரைப் படித்தேன், சரி. துணியில் சுற்றிக் கொடுத்தேன். டீ வாங்கிக் கொடுக்கவில்லை. டீக்கடை திறந்திருக்கவில்லை என்று அப்புறம் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். திறந்துதான் இருந்தது.

பல வருஷம் அந்த நூலைத்தான் குற்றம் சொல்லிக்கொண்டிருந்தேன். அது பொய். அந்தப் பொம்பளை கும்பிட்டு நின்றது எனக்கு ஞாபகம் இருந்தது. துப்பாக்கியைத் துணியில் சுற்றும்போதே ஞாபகம் இருந்தது. அவ்வளவு சாந்தமாக ஒரு ஆள் எதிரே நிற்கும்போது, இல்லை என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. ஸ்பிரிங் பொய்யை அண்ணாச்சி சொல்லுவார், எனக்குச் சொல்லி வராது. கூச்சம். அவ்வளவுதான் காரணம். இதை இப்போதுதான் எழுதுகிறேன்.

சுகுமாரன் பஸ் பிடிக்கப் போன பிறகுதான் ரெஜிஸ்டர் ஞாபகம் வந்தது. வெளியே கொடுத்தவர் என்ற இடத்தில் கையெழுத்துப் போடாமலேயே ரெஜிஸ்டரை மூடி வைத்துவிட்டேன். அண்ணாச்சி ஏடு தொடங்கின சர்க்கரைப் பொங்கலோடு வந்தார். துப்பாக்கி வரிசையில் ஒன்று குறைவதைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். ‘அண்ணாச்சி, பூஜைக்கு நூலெல்லாம் மாத்திட்டேன், அதனால...’ என்று இழுத்தேன். பொங்கலை மேஜைமேல் வைத்துவிட்டு வெளியே ஓடினார். அவர் ஓடி நான் பார்த்தது அன்றைக்குத்தான். கிழக்கேகோட்டை வரைக்கும் ஓடியிருக்கிறார். சுகுமாரன் ஏறின நெடுமங்காடு பஸ் போய்விட்டது. அங்கேயிருந்து பஞ்சாயத்து மெம்பர் ஒருத்தருக்கு போன் பண்ணிச் சுகுமாரன் வீட்டில் சொல்லச் சொன்னார். மெம்பர் சொல்லவில்லையோ, சொல்லியும் நடந்ததோ தெரியாது.

மூன்றாம் நாள் மரச்சீனித் தோட்டத்தில் அண்ணன் தம்பிக்கு வாய்ச்சண்டை. வெடி மோகனனுடைய இடது முழங்காலில். உயிர் பிழைத்தது, கால் பிழைக்கவில்லை.

போலீஸ் வருவதற்கு முன்னால் அண்ணாச்சி ரெஜிஸ்டரை எடுத்தார். அந்தக் காலி இடத்தைப் பார்த்தார். பேனாவை எடுத்து அதில் தன் கையெழுத்தைப் போட்டார். நான் ‘அண்ணாச்சி!’ என்றேன். ‘சர்வீஸ் உன் பேர்ல இருக்கு. ரெண்டும் உன் பேர்ல இருந்தா உன்ன உள்ள வச்சிருவான். உனக்கு ரெண்டு பொட்டப்பிள்ளைகள் இருக்குல்லா’ என்றார். அப்புறம் மை காய்கிறதா என்று ஊதினார். அதற்குப் பிறகு அதைப் பற்றி அவர் வாயிலிருந்து ஒரு வார்த்தை வந்ததில்லை. திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

சுமதி வந்தாள். இந்தத் தடவை வழி கேட்க வேண்டியிருந்திருக்காது. படியிலேயே ஆரம்பித்துவிட்டாள். வெங்காய மண்டிச் சுமைக்காரர்கள் எல்லாம் வந்து நின்று பார்த்தார்கள். ‘வாக்குத் தந்ததல்லே! என் கையால கொடுக்க மாட்டேன்னு பறஞ்சதல்லே!’ என்று நெஞ்சில் அடித்துக்கொண்டாள். ‘உங்க மோளும் இதுபோல நடுத்தெருவில நிக்கணும், அதை நீங்க கண்ணால காணணும்’ என்று சபித்தாள். அண்ணாச்சி எழுந்து, கையைக் கட்டிக்கொண்டு, தலையைக் குனிந்து, கடைசி வரைக்கும் கேட்டார். ஒரு தடவைகூட என் பக்கம் திரும்பவில்லை. நான் மேஜையில் உட்கார்ந்து அட்டைகளில் பேர் எழுதிக்கொண்டிருந்தேன். யாருடைய பேர் என்று எனக்கே தெரியாது. விஷயம் கேள்விப்பட்டுக் கோமதி வந்து, ‘அப்பா, நீங்களா கொடுத்தீங்க?’ என்று கேட்டபோதும் நான் அங்கேதான் இருந்தேன். ‘கடை கொடுத்தது’ என்றார் அண்ணாச்சி. அவள் அவரை ஒரு பார்வை பார்த்துவிட்டுப் போனாள். ரொம்ப நாளைக்கு அப்பா வீட்டுப் பக்கம் அவள் வரவில்லை.

கேஸ் நடந்தது. சுகுமாரனுடைய வக்கீல், கால் இடறி விழுந்ததில் துப்பாக்கி தானாகவே வெடித்துவிட்டது, சர்வீஸ் சரியில்லை என்று வாதாடினார். அதனால் சர்வீஸ் செய்த என்னைச் சாட்சிக்குக் கூப்பிட்டார்கள். தானாக வெடித்திருக்கலாம் என்று சொன்னால் கடை போகும். வெடிக்காது என்று சொன்னால் சுகுமாரன் ஜெயிலுக்குப் போவார். கோர்ட் வராந்தாவில் அண்ணாச்சி என் சட்டைக் காலரைச் சரிபண்ணிவிட்டு, ‘கேட்டதுக்கு மட்டும் பதில் சொல்லு. கேக்காதத ஒண்ணும் சொல்லாத’ என்றார். எதைச் சொல்லக்கூடாது என்று ரெண்டு பேருக்கும் தெரியும்.

கூண்டில் ஏறினேன். சர்க்கார் வக்கீல் துப்பாக்கியைக் கையில் கொடுத்தார். பழக்கதோஷம், குழலைச் சுவர்ப்பக்கம் திருப்பி மடக்கிப் பார்த்தேன். ஜட்ஜ் சிரித்தார். ‘இந்தத் தோக்கு கீழே விழுந்தா தானே பொட்டுமோ?’ என்று வக்கீல் கேட்டார். உண்மையைத்தான் சொன்னேன். தோட்டாவை அடிக்கிற குதிரையை இழுத்து வைத்து, விசையில் விரல் வைத்து இழுத்தால் அல்லாமல் இது வெடிக்காது. ‘தோக்கு தனியே பொட்டில்ல சார். அது ஆராவது எடுத்து ஒரு ஆளுடைய கையில...’ என்று ஆரம்பித்தேன். ‘மதி, மதி’ என்றார் வக்கீல். போதும் என்று. எனக்கும் போதும் என்றுதான் இருந்தது. சொல்ல வந்ததை அந்த ஆள் தடுத்துவிட்டார் என்று இத்தனை வருஷம் சொல்லிக்கொள்ள ஒரு சாக்கும் கிடைத்தது.

மறுநாள் பத்திரிகையில் கட்டம் கட்டிப் போட்டிருந்தார்கள், ‘தோக்கு தனியே பொட்டில்ல: துப்பாக்கிக் கடை ஊழியர் சாட்சியம்’ என்று. சுகுமாரன் உள்ளே போனார். தண்டனை முடிந்து வந்து கொஞ்ச காலம் இருந்தார், தம்பியோடு பேசாமலேயே செத்தும் போனார். அண்ணாச்சிக்கும் வயதாயிற்று. படுக்கையில் கிடந்த நாட்களில் தினமும் போய்ப் பார்ப்பேன். அவரிடம் மன்னிப்புக் கேட்கணும் என்று போவேன், மருந்து சாப்பிட்டீங்களா என்று கேட்டுவிட்டு வருவேன். ஒருநாள் போனபோது பாடைக்கு மூங்கில் கட்டிக்கொண்டிருந்தார்கள். கடையைக் கோமதியின் மாப்பிள்ளை மூடினார். இப்போது அங்கே பிளாஸ்டிக் சாமான் விற்கிறார்கள்.

சால்வை விழாவுக்கு வருகிறேன். கோட்டைப் பக்கத்தில் ஒரு ஹால். மலையிலிருந்து மூன்று பஸ் நிறைய ஆள் கொண்டுவந்திருந்தார்கள். ஆம்பளைகளும் பொம்பளைகளுமாக, பன்றிப் படம் போட்ட பனியனில். மேடையில் என்னை உட்கார வைத்து, பின்னால் என் வாசகத்தைச் சுவர் அகலத்துக்கு எழுதி வைத்திருந்தார்கள். ஷிபு பேசினார், எம்.எல்.ஏ. ஒருத்தர் பேசினார். என்னைப் பேசச் சொன்னார்கள். எனக்கு எழுபத்தாறு வயசு. எழுந்து மைக்கைப் பிடித்துக்கொண்டேன்.

‘தோக்கு தனியே பொட்டில்ல’ என்றேன்.

அவ்வளவுதான். கைதட்டல், விசில். பின்வரிசையில் சிலபேர் எழுந்து நின்றே தட்டினார்கள். நிறுத்தட்டும் என்று காத்திருந்தேன். நிறுத்துகிற மாதிரி இல்லை. இன்றைக்கும் ‘மதி’ என்று இறங்கிப் போய்விடுவேன் என்று பயம் வந்துவிட்டது. அதனால் அந்தச் சத்தத்துக்குள்ளேயே சொன்னேன். ‘கொடுக்காதீங்கன்னு அவர் பெண்டாட்டி வந்து கேட்டுட்டுப் போயிருந்தாங்க. அண்ணாச்சி கொடுக்கல. அவர் இல்லாத நேரத்துல எடுத்துக் கொடுத்தது நான். கையெழுத்து மட்டும்தான் அவருடையது.’ சொல்லி முடித்தபோதும் தட்டிக்கொண்டுதான் இருந்தார்கள். ஷிபு சால்வையைப் போர்த்தி, ‘சுருக்கமா, அசலாப் பேசினீங்க சாரே’ என்று காதில் சொன்னார்.

சாப்பாட்டுப் பந்தியில் இலை முன்னால் உட்கார்ந்திருந்தேன். ஒரு வயசான அம்மா வந்து பக்கத்தில் நின்றாள். அவளும் பன்றிப் பனியன்தான், சேலைக்கு மேல். முகத்தைப் பார்த்ததும் பிசைந்த சோற்றை இலையிலேயே வைத்துவிட்டேன்.

‘நான் ஸ்பீக்கருக்குக் கீழே இருந்தேன்’ என்றாள் சுமதி. ‘எல்லாம் கேட்டேன்.’

நான் எழுந்து நின்றேன்.

‘அப்போ அண்ணாச்சி இல்லே கொடுத்தது?’

‘இல்லம்மா. நான்தான்.’

‘நான் அத்தனை பேர் முன்னால வாயில வந்ததெல்லாம் பறஞ்சேனே. அந்த மனுஷன் ஒரு வார்த்தை மிண்டல்லியே. எந்தா மிண்டாதிருந்தது?’

‘பேசினா என் பேரைச் சொல்லணும். அதான் பேசல.’

அவள் என் இலையையே பார்த்துக்கொண்டிருந்தாள். என்னை அடிக்கப் போகிறாள் என்று நினைத்தேன். அடித்தால் வாங்கிக்கொள்ளலாம் என்றும் நினைத்தேன். அவள், ‘நான் அவருடைய மோளைச் சபிச்சேன். அந்தக் குட்டி ஒரு தப்பும் செய்யல்லே’ என்றாள். அந்தக் குட்டி இப்போது எங்கே என்று கேட்டாள்.

‘இங்கதான், ஸ்ரீவராகத்துல. என் வீட்டுக்கு நாலு வீடு தள்ளி. அப்பாதான் கொடுத்தார்னுதான் அவளும் இன்னைக்கு வரைக்கும் நினைச்சிட்டிருக்கா.’

‘நாலு வீடு தள்ளியா?’ என்று கேட்டாள். ஆமாம் என்றேன். தினமும் பார்ப்பேன், எப்படி இருக்கே கோமதி என்று கேட்பேன், அதையும் சொன்னேன்.

சுமதி தலைக்கு மேல் பனியனைக் கழற்றி, மடித்து, பந்தி பெஞ்சில் வைத்தாள். ‘வாங்க, போகாம்’ என்றாள்.

‘சாப்பிட்டுட்டு...’ என்று இழுத்தேன்.

‘வேண்டா’ என்றாள்.

ரோட்டுக்கு வந்து ஆட்டோ பிடித்தோம். தெரு முனையில் இறங்கியதும் அவள் நின்று, ‘நான் பறயணுமோ, நீங்க பறயுவீங்களோ?’ என்று கேட்டாள்.

‘நான் சொல்லுதேன்’ என்றேன்.

கோமதி வீட்டுக் கதவு திறந்துதான் இருந்தது. உள்ளே மிக்ஸி ஓடிக்கொண்டிருந்தது. அது நிற்கட்டும் என்று காத்திருக்காமல் கூப்பிட்டேன்.